லேக் டிரவுட் ட்ரோலிங்: திரையில் மீன் தெரிந்தும் நாள் முழுக்க ஒரு கொத்தல் கூட இல்லை, எங்கே தவறு?

கோபி_மஞ்சக்காடு:

எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் கோபி பக்கம். கொடிவேரி, தடப்பள்ளி வாய்க்கால், பவானி ஆறு என்று சின்ன வயதிலிருந்தே தூண்டில் போடுகிறவன். கெளுத்தி, ஜிலேபி, கெண்டை, விரால் எல்லாம் பழகிய மீன்கள். இப்போது கேட்பது வேறு ஊர் மீனைப் பற்றி. மகன் கனடாவில், டொரோண்டோவுக்கு வடக்கே இருக்கிறான். கோடையில் அங்கே போய் இருந்துவிட்டு வருவது வழக்கம். இந்த ஜூலையில் அவனுடைய நண்பரின் படகில் சிம்கோ ஏரிக்கு லேக் டிரவுட் (அங்கே குளிர்ந்த ஆழமான ஏரிகளில் வாழும் மீன்) பிடிக்கப் போனோம். ட்ரோலிங் முறையில், அதாவது படகை ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டிலை, காலையில் இருந்து சாயங்காலம் வரை இழுத்தோம், ஒரு கொத்தல் கூட இல்லை.

விவரம் எல்லாம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களால் சரியாகச் சொல்ல முடியும். இடம் அந்த ஏரியின் மேற்குப் பக்கம் உள்ள கெம்பன்ஃபெல்ட் விரிகுடா. படகு இறக்கும்போது மணி ஒன்பது இருக்கும், நல்ல வெயில், காற்று இல்லை, மேல் தண்ணீர் 23 டிகிரி என்று ஃபிஷ் ஃபைண்டர் (தண்ணீருக்கடியில் இருக்கும் மீனைக் காட்டும் கருவி) திரை காட்டியது. நாங்கள் மூன்று பேர், மூன்று ராடு (அங்கே ஆளுக்கு ஒன்றுதான் போடலாம், உரிமம் எல்லாம் முறையாக எடுத்திருந்தோம்). இரண்டு ராடுக்கு டவுன்ரிகர் (கம்பியில் கனமான குண்டைக் கட்டித் தூண்டில் நரம்பை ஆழத்துக்கு இறக்கும் கருவி), அதில் ஆறு பவுண்டு குண்டு, படகுக்காரத் தம்பி அதன் மீட்டரில் 60 அடி வைத்து இறக்கினார். மூன்றாவது ராடில் லீட் கோர் நரம்பு (உள்ளே ஈயம் வைத்தது, நீளம் தெரிய நிறம் மாறி மாறி வரும்), ஐந்து கலர் வெளியே விட்டிருந்தோம். மூன்றிலும் பெரிய ஸ்பூன் (சின்ன மீன் போல ஆடும் உலோகத் தகடு), பச்சையும் வெள்ளியும் கலந்தது, நாலு விரல் நீளத்துக்குக் குறையாது. வேகம் ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 2.8 முதல் 3 மைல். படகுக்காரத் தம்பி ஒன்டாரியோ ஏரியில் சால்மன் பிடித்துப் பழகியவர், அதே சாமான், அதே ஓட்டம். விரிகுடாவின் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு நேராகப் போய்த் திரும்பி வந்தோம்.

எனக்கு உறுத்துவது இதுதான்: மீன் இல்லாத இடம் என்றால் விட்டுவிடலாம். தண்ணீர் 85, 90 அடி ஆழம் இருந்த இடங்களில் அடியை ஒட்டி வளைவு வளைவாக மீன் தெரிந்துகொண்டே இருந்தது, ஒரு இடத்தில் கொத்தாகவும் தெரிந்தது. அதற்கு மேலேயே போய்த் திரும்பி வந்தும் ஒன்றுமில்லை. பக்கத்தில் மெதுவாகப் போன ஒரு வயதான வெள்ளைக்காரர் எங்கள் கண் முன்னாலேயே இரண்டு எடுத்தார். அவர் என்ன போட்டார் என்று கேட்க வாய்ப்பு கிடைக்கவில்லை.

அடுத்த கோடையில் மறுபடி போவேன். அதற்குள் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பூனா, நேரமா, ஆழமா, வேகமா? எதை முதலில் மாற்றுவது?

---

தாராபுரம்_அமராவதி:

அண்ணா, வணக்கம். நான் அந்த விரிகுடாவின் தலைமாட்டில் இருக்கும் பேரி நகரத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது தாராபுரத்தில் இருக்கிறேன், நீங்கள் சொன்ன தண்ணீர் எனக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி, இல்லையென்றால் வெறும் ஊகம்தான் சொல்லியிருப்போம்.

ஸ்பூன் நிறத்தை விட்டுவிடுங்கள், அது கடைசி. உங்கள் மூன்று ராடும் மீன் இருந்த இடத்துக்கு வரவே இல்லை என்பது என் முடிவு. மீன் 85 அடியில், தரையோடு. உங்கள் ஸ்பூன் 60 அடியில் என்று நினைத்திருக்கிறீர்கள், ஆனால் அது 60லும் இல்லை.

டவுன்ரிகர் மீட்டர் காட்டுவது வெளியே போன கம்பியின் நீளம், ஆழம் இல்லை. கிணற்றில் வாளி இறக்கினால் கயிற்றின் நீளம்தான் ஆழம், ஏனென்றால் அங்கே தண்ணீர் நிற்கிறது. படகு ஓடும்போது தண்ணீர் குண்டையும் கம்பியையும் பின்னால் தள்ளும், கம்பி சாயும். செங்குத்தில் இருந்து 30 டிகிரி சாய்ந்தால் 60 அடி கம்பிக்குக் கிடைக்கும் ஆழம் சுமார் 52 அடி. 45 டிகிரி சாய்ந்தால் 42 அடிதான். (உண்மையில் கம்பி ஒரே நேர்கோடாக இருக்காது, மேலே அதிகம் சாய்ந்து கீழே போகப் போகக் கொஞ்சம் நிமிரும், அதனால் இழப்பு இந்தக் கணக்கை விடச் சற்றுக் குறைவு.) ஆறு பவுண்டு குண்டு, 3 மைல் வேகம் என்றால் நல்ல சாய்வு இருந்திருக்கும், கம்பி எவ்வளவு சாய்ந்திருந்தது என்று ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள்.

லீட் கோர் இன்னும் மோசம். அந்த நரம்பில் ஒரு கலர் என்பது பத்து கஜம், அதாவது 30 அடி. மெதுவாக, 2 மைல் அளவில் இழுத்தால் ஒரு கலருக்கு ஏறக்குறைய ஐந்து அடி இறங்கும் என்பது பொதுக் கணக்கு. ஐந்து கலர் விட்டால் 25 அடி, உங்கள் வேகத்துக்கு அதுவும் வராது. ஜூலையில் 20 அடித் தண்ணீர் என்பது லேக் டிரவுட் தலை வைத்தும் படுக்காத சூட்டுத் தண்ணீர். அந்த ராடு நாள் முழுக்க வெறும் தண்ணீரை இழுத்தது.

அடுத்து வேகம். சால்மனுக்கு 2.5, 3 மைல் சரி, அது துரத்திப் பிடிக்கிற மீன், நடுத் தண்ணீரில் அலைகிற மீன். லேக் டிரவுட் குளிர்ந்த அடித் தண்ணீரில் நிதானமாக இருப்பது. 1.5 முதல் 2 மைலுக்குள் வையுங்கள், மந்தமான நாள் என்றால் இன்னும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். வேகத்தைக் குறைத்தால் கம்பியும் நிமிரும், ஆழமும் கிடைக்கும், ஒரே மாற்றத்தில் இரண்டு கோளாறும் பாதி தீரும், அதனால்தான் முதலில் இதை மாற்றச் சொல்கிறேன். ஆனால் சால்மன் ஸ்பூன் கனமான தகடு என்றால் 1.7 மைலில் ஆடாமல் கட்டை மாதிரி வரும், எனவே மெல்லிய தகட்டு ஸ்பூனுக்கு மாற வேண்டும். அங்கே சட்டன், வில்லியம்ஸ் என்று விற்பார்கள், மெதுவாக இழுத்தாலே இலை போலத் தவழும். சின்னதாகவே எடுங்கள். தண்ணீரில் இறக்கும் முன் படகு ஓரமாகவே ஓடவிட்டு ஸ்பூன் ஆடுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் குண்டில் மாட்டுங்கள், இதைச் செய்யாமல் ஒரு ராடையும் இறக்காதீர்கள்.

ஜிபிஎஸ் வேகத்தையும் முழுக்க நம்பாதீர்கள். அது தரைக்கு மேல் படகு போகும் வேகம். அவ்வளவு பெரிய ஏரியில் காற்று தள்ளியபின் மேல் தண்ணீர் ஒரு பக்கம் போகும், அடித் தண்ணீர் வேறு பக்கம் போகும். ஜிபிஎஸ் ஒரே எண்ணைக் காட்டும், போகும்போது ஸ்பூன் துள்ளும், வரும்போது தூங்கும். எனக்குப் பிடித்த வழி கம்பியின் சாய்வைப் பார்ப்பது. மீன் கொத்திய நேரத்தில் கம்பி எந்தச் சாய்வில் இருந்ததோ, திரும்பி வரும்போதும் அதே சாய்வு வரும்படி விசையைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள்.

நேர்கோட்டில் போனீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கரைக்குக் கரை போனால் 50 அடி, 90 அடி, 110 அடி என்று ஆழம் மாறிக்கொண்டே இருக்கும், உங்கள் குண்டு மட்டும் ஒரே உயரத்தில். மீன் இருக்கும் ஆழத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஆழக்கோட்டின் மேலேயே போங்கள், கரை வளைந்தால் நீங்களும் வளையுங்கள். வளைவதில் இன்னொரு லாபம் உண்டு. படகு திரும்பும்போது வெளிப்பக்க ராடின் ஸ்பூன் வேகம் கூடி மேலே ஏறும், உள்பக்க ராடு வேகம் குறைந்து கீழே இறங்கும். திரும்பும்போது உள்பக்க ராடு மட்டும் கொத்தினால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள், அல்லது மேலே இழுக்கிறீர்கள் என்று மீனே சொல்லிவிடுகிறது. கொத்தலே இல்லாத நாளில் இதை விடத் தெளிவான தகவல் வேறு கிடைக்காது.

அந்த வயதானவர் மெதுவாகப் போனார் என்றீர்களே, அதுவே பாதிப் பதில்.

---

பவானிசாகர்_பரிசல்:

ஒன்பது மணிக்குப் படகு இறக்கியது எனக்குச் சரியாகப் படவில்லை கண்ணு. நம் அணையில் ஆகட்டும், எங்கே ஆகட்டும், விடியலுக்கு முன் தண்ணீரில் இருக்க வேண்டும். வெயில் ஏறி, காற்றும் இல்லாமல் தண்ணீர் கண்ணாடியாக நிற்கும்போது இரை தின்கிற மீன் அடங்கிவிடும். அங்கே கோடையில் பொழுது சீக்கிரம் விடியும் என்பார்கள், அஞ்சரைக்கே வெளிச்சம் வந்துவிடுமாமே. முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள், அப்புறம் சாமானை மாற்றலாம்.

---

தாராபுரம்_அமராவதி:

ஐயா சொல்வது நியாயம்தான், விடியலில் இறங்கினால் நல்லது. முக்கியமாகச் சிம்கோவில் 1990களில் வரிக்குதிரைச் சிப்பி பரவிய பிறகு தண்ணீர் தெளிந்துவிட்டது, வெளிச்சம் முன்பை விட ஆழமாக இறங்குகிறது. ஆனால் அந்த வெள்ளைக்காரர் இரண்டு எடுத்ததும் அதே வெயிலில்தானே. 85 அடியில் இருக்கும் மீனுக்கு 50 அடியில் ஸ்பூன் போனால் விடியலிலும் கொத்தாது. ஆழம் முதலில், நேரம் அடுத்தது என்றுதான் நான் சொல்வேன்.

---

நொய்யல்_மீனியல்:

கோயம்புத்தூரில் இருந்து எழுதுகிறேன், மீன்வளம் படித்தவள். தாராபுரம் அண்ணா இழுக்கும் முறையைச் சொல்லிவிட்டார், நான் மீன் ஏன் அங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தால் வேறு ஏரிக்குப் போனாலும் எங்கே தேடுவது என்று உங்களுக்கே விளங்கும்.

டிரவுட் என்றதும் நம் பக்கத்தில் ஊட்டி ஞாபகம் வரும். அவலாஞ்சியில் 1907ல் இருந்து பொரிப்பகம் இருக்கிறது, அங்கே இருப்பது ரெயின்போ டிரவுட். நீங்கள் தேடியது அதன் நெருங்கிய உறவு கூட இல்லை, லேக் டிரவுட் சார் (char) என்ற மீன் வகையைச் சேர்ந்தது. அதற்குப் பிடித்த வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி, இரண்டு டிகிரி அப்படி இப்படி. உங்கள் திரையில் மேல் தண்ணீர் 23 டிகிரி. அப்படியென்றால் மேலே உள்ள தண்ணீர் முழுவதும் அதற்கு ஒதுங்க வேண்டிய இடம்.

கோடையில் அந்த ஏரிகள் அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெயிலில் சூடான லேசான தண்ணீர், அடியில் 4 டிகிரிக்குப் பக்கத்தில் தொடங்கி மெதுவாகவே சூடேறும் கனத்த தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் சில அடிகளுக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும் ஒரு அடுக்கு. அதைத் தெர்மோக்ளைன் என்பார்கள். ஃபிஷ் ஃபைண்டரில் சென்சிட்டிவிட்டியைக் கூட்டினால் பல நேரம் அந்த அடுக்கே மங்கலான பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைக்கு மேலே லேக் டிரவுட்டுக்காகத் தூண்டில் போடுவது வீண். அது எத்தனை அடியில் இருக்கிறது என்பது ஏரிக்கு ஏரி, மாதத்துக்கு மாதம் மாறும், காற்று பலமாக அடித்தால் ஒரு பக்கம் தாழ்ந்து மறு பக்கம் உயரும், அதனால் போன வருடத்து எண்ணை வைத்துக்கொள்ளாமல் அன்றன்றைக்குப் பாருங்கள்.

நம் ஊர் அணைகளில் பழகியவருக்கு ஒரு சந்தேகம் வரும், அடியில் மீனுக்கு மூச்சு இருக்குமா என்று. நியாயமான சந்தேகம். வெப்ப நாட்டில், சத்து அதிகம் கலந்த தண்ணீரில் அடி அடுக்கில் ஆக்ஸிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும், மீன் மேலே நிற்கும். வடக்கே குளிர்ந்த ஆழமான ஏரிகளில் அடியிலும் ஆக்ஸிஜன் இருக்கும், அதனால்தான் இந்த மீன் அங்கே வாழ முடிகிறது. சிம்கோவில் மட்டும் இதில் ஒரு சிக்கல் உண்டு. சுற்றிலும் உள்ள ஊர்களில் இருந்தும் வயல்களில் இருந்தும் பாஸ்பரஸ் சேர்ந்து, கோடை முடிவில் அடித் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்து, லேக் டிரவுட் தானாகப் பெருகுவதே நின்று போனது. 2008ல் அந்த ஏரிக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தார்கள், ஆழத் தண்ணீரில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்க வேண்டும் என்பது இலக்கு. பல வருடமாகக் குஞ்சு விட்டுத்தான் மீனைக் காப்பாற்றி வருகிறார்கள். விடும் குஞ்சுகளுக்கு ஒரு துடுப்பை வெட்டி அடையாளம் வைப்பார்கள், எனவே உங்களுக்குக் கிடைக்கும் மீனில் எல்லாத் துடுப்பும் முழுதாக இருந்தால் அது ஏரியிலேயே பிறந்ததாக இருக்கலாம், அதைத் திருப்பி விடுவது பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். நம் நொய்யல் என்ன ஆனது என்று கண்ணால் பார்த்தவர்கள் நாம், ஒரு தண்ணீர் மெல்ல மீண்டு வருவதன் மதிப்பு நமக்குத் தெரியும்.

இதில் இருந்து தூண்டிலுக்கு என்ன வருகிறது என்றால், ஜூலையில் மீன் தரையோடு இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் போனால் அடியில் மூச்சு குறைவதால் தரையை விட்டுக் கொஞ்சம் மேலே, சூட்டுத் தண்ணீருக்கும் மூச்சு குறைந்த தண்ணீருக்கும் நடுவில் நிற்கலாம். எனவே மாதத்தைப் பொறுத்து ஆழம் மாறும்.

திருப்பி விடுவதாக இருந்தால் ஒரு நல்ல செய்தி. லேக் டிரவுட்டின் காற்றுப்பைக்குத் தொண்டையோடு இணைப்பு உண்டு, மேலே வரும்போதே காற்றை வாய் வழியாக விட்டுவிடும், குமிழி குமிழியாக வருவதை நீங்களே பார்க்கலாம். அதனால் ஆழத்தில் இருந்து எடுத்தாலும் சட்டென்று விட்டால் பிழைக்கும். ஆனால் 23 டிகிரி மேல் தண்ணீரில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் தாங்காது. முள்ளைக் கழற்றித் தலைகீழாக அடியை நோக்கி விட்டுவிடுங்கள்.

---

கோபி_மஞ்சக்காடு:

அம்மிணி, தம்பி, பரிசல் அண்ணன், எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. கம்பி நன்றாகவே சாய்ந்திருந்தது, பாதிக்குப் பாதி என்று சொல்லலாம், 45க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அப்படியானால் ஸ்பூன் 45, 50 அடியில்தான் போயிருக்கிறது, மீனுக்கும் அதற்கும் முப்பது அடிக்கு மேல் இடைவெளி. இப்போது கணக்கு விளங்குகிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, குண்டு எத்தனை அடியில் போகிறது என்று கண்ணால் பார்க்க வழி இருக்கிறதா? சிலர் ஃபிஷ் ஃபைண்டர் திரையிலேயே குண்டு கோடாகத் தெரியும் என்கிறார்கள், எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது, தரையோடு மீன் என்றால் குண்டைத் தரை வரை இறக்கலாமா, பாறையில் மாட்டாதா?

---

தாராபுரம்_அமராவதி:

திரையில் தெரியாததற்கும் காரணம் அந்தச் சாய்வுதான் அண்ணா. கருவி கீழே பார்ப்பது கூம்பு வடிவத்தில். 20 டிகிரிக் கூம்பு என்றால் 90 அடி ஆழத்தில் சுமார் 32 அடி அகலம்தான் பார்க்கும், 50 அடியில் பதினெட்டு அடிக்குள். குண்டு அதை விடப் பின்னால் போய்விட்டால் கூம்புக்கு வெளியே, கோடு வராது. கனமான குண்டு, குறைந்த வேகம் என்று மாற்றினால் குண்டு கூம்புக்குள் வரும், அப்போது கோடு எந்த ஆழத்தில் ஓடுகிறதோ அதுதான் உண்மையான ஆழம், மீட்டரை மறந்துவிடலாம். அதே காரணத்தால் திரையில் தெரியும் மீன் படகுக்கு நேர் கீழேதான் இருக்கிறது என்றும் எண்ண வேண்டாம், பதினைந்து அடி பக்கத்திலும் இருக்கலாம். ஒரே கோட்டில் திரும்பத் திரும்பப் போகாமல் லேசாக வளைந்து போங்கள் என்று சொல்வதற்கு இதுவும் காரணம்.

தரையைப் பொறுத்தவரை, சேறும் மணலும் உள்ள இடத்தில் குண்டை இறக்கித் தரையைத் தொடவிட்டு இரண்டு மூன்று அடி தூக்கிக்கொள்வார்கள். அவ்வப்போது தட்டிச் சேற்றைக் கிளப்பவும் செய்வார்கள், அந்தப் புகையைப் பார்த்து லேக் டிரவுட் வருவதுண்டு. பாறை உள்ள இடத்தில் இதைச் செய்யாதீர்கள், கம்பி மாட்டினால் படகுக்கே ஆபத்து. அங்கே தரையில் இருந்து ஐந்தாறு அடி மேலே இழுங்கள், போதும். இந்த மீன் மேலே ஏறி வந்து கொத்தும், கீழே இறங்கிப் போய்க் கொத்துவது அபூர்வம். எனவே மீனுக்குச் சற்று மேலே போனால் பரவாயில்லை, முப்பது அடி மேலே என்பதுதான் பிரச்சினை.

ஆழம் மாறும்போது ஒருவர் கை டவுன்ரிகரிலேயே இருக்க வேண்டும். அது அலுப்பான வேலைதான், ஆனால் லேக் டிரவுட் பிடிப்பதே அந்த வேலைதான்.

---

சென்னிமலை_ரீல்:

ஒன்றை யாரும் சொல்லவில்லை. குண்டின் மேல் நரம்பை மாட்டும் கிளிப் எவ்வளவு இறுக்கம் என்று பார்த்தீர்களா? சால்மனுக்கு இறுக்கி வைத்திருப்பார்கள், பெரிய மீன் வேகமாக அடித்தால்தான் கழலும். லேக் டிரவுட் சின்னதாக இருந்தால் கொத்தி முள்ளில் மாட்டிய பிறகும் கிளிப் கழலாது, ராடு நுனி லேசாகத் துடிக்கும், படகு அதிர்வோடு அதிர்வாகப் போய்விடும், நீங்கள் மீனை இழுத்துக்கொண்டே ஊர் சுற்றுவீர்கள். கிளிப்பைத் தளர்த்துங்கள், ராடை நன்றாக வளைத்து மாட்டுங்கள், நுனி அசைவில் சந்தேகம் வந்தால் உடனே எடுத்துப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றாலும் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்த கோடை வரை காத்திருக்கவும் வேண்டாம். நம் வாய்க்காலிலேயே பாதியைக் கற்றுக்கொள்ளலாம். கீழ்பவானியிலோ உங்கள் தடப்பள்ளியிலோ தண்ணீர் விட்டிருக்கும்போது ஒரு பாலத்தின் மேல் நின்றுகொள்ளுங்கள், தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், இழுப்பு பலம். முதலில் கரை ஓரமாகப் பத்து மீட்டர் அளந்து இரண்டு அடையாளம் வையுங்கள், ஒரு தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு அது கடக்கும் நேரத்தைப் பாருங்கள். 12 முதல் 14 வினாடி ஆனால் தண்ணீரின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1.6 முதல் 1.9 மைல், அதாவது உங்களுக்கு வேண்டிய வேகம். ஏழரை வினாடியில் கடந்தால் அது 3 மைல், நீங்கள் அன்றைக்கு ஓட்டிய வேகம். இடத்துக்கு இடம் வாய்க்காலின் வேகம் மாறும், மதகுப் பக்கம் வேகம், அகலமான இடத்தில் மெதுவு, தேடினால் இரண்டும் கிடைக்கும். அப்புறம் பாலத்தில் இருந்து ஸ்பூனை விட்டுப் பாருங்கள், படகு ஓடுவதற்குப் பதில் தண்ணீர் ஓடுகிறது, ஸ்பூனுக்கு இரண்டும் ஒன்றுதான். எந்த ஸ்பூன் மெதுவான தண்ணீரில் உயிரோடு ஆடுகிறது, எது வேகத்தில் சுழன்று நரம்பை முறுக்குகிறது என்பது கண் முன்னாலேயே தெரியும். கனம் குறைந்த ஈயமும் கனத்த ஈயமும் மாறி மாறிக் கட்டி விட்டால் நரம்பு எவ்வளவு சாய்கிறது என்பதும் தெரிந்துவிடும். நான் புது லூர் (செயற்கை இரை) எதை வாங்கினாலும் முதலில் வாய்க்காலில்தான் ஓட்டிப் பார்ப்பேன்.

---

பவானிசாகர்_பரிசல்:

இது நல்ல யோசனை சாமி. தண்ணீர் திறக்கும்போது நானும் வந்து பார்க்கிறேன்.

---

கோபி_மஞ்சக்காடு:

கிளிப் இறுக்கமாகத்தான் இருந்தது, ஒவ்வொரு தடவையும் எடுக்கும்போது இரண்டு மூன்று தடவை வெட்டி இழுத்துத்தான் கழற்றினார். வாய்க்கால் சோதனையைக் கட்டாயம் செய்கிறேன், தடப்பள்ளி என் காட்டு ஓரத்தில்தான் போகிறது. ஸ்பூனை மகனிடம் சொல்லி ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று மட்டும். குண்டு எத்தனை பவுண்டு வாங்கச் சொல்வது? ஸ்பூனைக் குண்டில் இருந்து எத்தனை அடி பின்னால் விடுவது? சால்மனுக்கு நிறைய தூரம் விட்டிருந்தோம்.

---

தாராபுரம்_அமராவதி:

80 அடிக்கு மேல் இறக்குவதென்றால் பத்து பவுண்டுக்குக் குறையாமல் வாங்குங்கள், பன்னிரண்டு இன்னும் நல்லது. ஆனால் வாங்கும் முன் அந்தப் படகில் இருக்கும் டவுன்ரிகர் எத்தனை பவுண்டு தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், பார்த்துவிடுங்கள், சின்னக் கை டவுன்ரிகர்களுக்குப் பத்தே அதிகம்.

தூரம், அந்த ஆழத்தில் மீன் படகைக் கண்டு மிரளாது, எனவே நீளமாக விடத் தேவையில்லை. பத்து முதல் இருபது அடி போதும். குறைவாக விட்டால் ஸ்பூன் குண்டின் ஆழத்திலேயே வரும், திரும்பும்போது சிக்காது, மீன் அடித்ததும் கிளிப்பும் சட்டென்று கழலும். ஸ்பூன் மட்டும் எடுபடவில்லை என்றால் அதற்கு முன்னால் ஒரு டாட்ஜர் தகடு (மினுங்கி ஆடி மீனை ஈர்ப்பது) கட்டி, மூன்று நான்கு அடி விட்டு ஸ்பூனைக் கட்டிப் பாருங்கள், டாட்ஜர் பக்கவாட்டில் ஆட வேண்டும், முழுச் சுற்றுச் சுற்றினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். அந்த வயதானவரிடம் இருந்தது அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம், சிம்கோவில் பழையவர்கள் பலர் அப்படித்தான் இழுப்பார்கள். மகனிடம் சொல்லும்போது மெல்லிய ஸ்பூன் இரண்டு, டாட்ஜர் ஒன்று என்று எழுதிக் கொடுங்கள், படகுக்காரத் தம்பியிடம் 1.7 மைலில் தொடங்கச் சொல்லுங்கள்.